மரமடர்ந்த பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடை: இங்கிலாந்தின் கிராமப் பாதைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: "இங்கிலாந்தில் சில மாதங்கள் இருக்கப் போகிறோம். மலையேற்றம் வேண்டாம். மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்குகள், பழைய கிராமங்கள் வழியாக ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும். எங்கே போகலாம், எப்படித் திட்டமிடுவது, எதில் கவனம் வேண்டும்?"

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நான் சொல்லப் போகும் பகுதிகளில் 300 மீட்டரைத் தாண்டும் இடங்களே குறைவு. அதனால் "சும்மா ஒரு நடைதானே" என்று கிளம்பி விடுகிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கு நடையைக் கெடுப்பது உயரம் இல்லை. சேறு, சீக்கிரம் மறையும் வெளிச்சம், காட்டுக்குள் பிரியும் பாதை ஆகிய மூன்றும்தான். மூன்றையும் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்தே முன்கூட்டிக் கண்டுகொள்ள முடியும். அதற்குக் காலடியில் இருக்கும் கல்லையும் மண்ணையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சுண்ணாம்புக்கல், அதற்கு அடியில் களிமண் அடுக்குகள். மழைநீர் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் சரிவின் நடுவில் ஊற்றாக வெளிவருகிறது. கிராமங்கள் பலவும் அந்த ஊற்று வரிசையை ஒட்டித்தான் எழுந்தன. ஏர் ஓட்ட முடியாத செங்குத்துச் சரிவுகள் பீச் (beech) மரக் காடாகவே நின்றுவிட்டன. கீழே ஓடிய ஓடைகளில் ஆலைகள் வந்தன. அங்குள்ள களிமண் அடுக்குகளில் ஒன்று, நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி வகைதான். கம்பளித் துணியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். காட்ஸ்வோல்ட்ஸின் மேற்கோரத்தில் உள்ள ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்குகளில் ராணுவச் சீருடைக்கான சிவப்புத் துணி புகழ்பெற்றதற்கு ஓடை நீர், ஆலை, ஆட்டு ரோமம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததே காரணம்.

இந்த நிலவியல் நடப்பவருக்கு நேரடியாக உதவும். மேட்டிலிருந்து இறங்கும்போது கால் காய்ந்த தரையில்தான் இருக்கும். கிராமத்தை நெருங்குவதற்குச் சற்று முன், சரிவின் பாதியில், கோரைப்புல் கொத்துக் கொத்தாகத் தெரியும். மாடுகளின் குளம்புக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த இடத்தில் கணுக்கால் புதையும். வரைபடத்தில் ஊற்றுகள் ஒரே உயரத்தில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த வரிசையை நெடுகத் தொடரும் பாதையைக் குளிர்காலத்தில் தவிர்த்துவிடுங்கள். குறுக்கே வெட்டிப் போகும் பாதை பரவாயில்லை. சேறு ஐம்பது அடியோடு முடிந்துவிடும்.

லண்டனுக்கு வடமேற்கே உள்ள சில்டர்ன்ஸ் குன்றுகளில் கதை தலைகீழ். அங்கே அடியில் இருப்பது சீமைச் சுண்ணாம்பு. தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். அதனால் பள்ளத்தாக்குகள் பலவற்றின் அடித்தளம் ஓடையே இல்லாமல் காய்ந்திருக்கும். இருக்கும் ஓடைகளிலும் சில குளிர்கால மழைக்குப் பிறகே ஓடும். ஆனால் குன்றுகளின் மேல் தட்டில் சக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் போர்த்தியிருக்கிறது. அங்கே உச்சியில்தான் சேறு. வீடுகளைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமம் முழுக்கத் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். சில்டர்ன்ஸில் கட்டடக் கல் கிடைக்காததால் சக்கிமுக்கிக் கல்லும் செங்கலும்.

எங்கே போவது என்பதற்கு நான்கு இடங்கள் சொல்கிறேன். முதல் முறை நடப்பவர்களுக்கு என் தேர்வு சில்டர்ன்ஸில் உள்ள ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கு. ஹாம்பிள்டன், ஸ்கர்மெட், ஃபிங்கெஸ்ட், டர்வில் என்று கிராமங்கள் அடுத்தடுத்து வரும். பள்ளத்தாக்கின் அடி வழியாகப் போய், மேலே பீச் காடு வழியாகத் திரும்பினால் 12 முதல் 14 கி.மீ. வரும். ஃபிங்கெஸ்ட் தேவாலயத்தின் முன் நின்று கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். நார்மன் காலத்துக் கனத்த கோபுரம், அதன் மேல் இரண்டு கூரைகள் அருகருகே, இரட்டைத் திமில்போல. இங்கிலாந்தில் அரிதாகவே காணக் கிடைக்கும் அமைப்பு அது. வானத்தில் பிளவுபட்ட வாலோடு வட்டமிடும் பெரிய பருந்துகள் 'ரெட் கைட்' என்ற இனம். இந்த நாட்டில் ஏறக்குறைய அழிந்துபோன நிலையில், 1989 முதல் சில்டர்ன்ஸில் கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகியவை.

இரண்டாவது, ஸ்ட்ரௌட் – ஸ்லாட் – பெயின்ஸ்விக் – ஸ்ட்ரௌட் வட்டம். சுமார் 14 கி.மீ. ஸ்ட்ரௌட்டில் ரயில் நிலையம் இருப்பதால் கார் தேவையில்லை. பெயின்ஸ்விக் தேவாலய முற்றத்தில் கத்தரித்து வளர்த்த யூ மரங்களும், கம்பளி வணிகத்தில் செழித்தவர்களின் மேசை வடிவக் கல்லறைகளும் உண்டு. மரங்கள் 99தான், நூறாவதை நட்டால் பிழைக்காது என்பது ஊர் நம்பிக்கை. இதே ஊர் வழியாகத்தான் சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை 164 கி.மீ. நீளும் காட்ஸ்வோல்ட் வே என்ற நடைபாதை போகிறது. நேரம் மிச்சமிருந்தால் அந்தப் பாதையில் வடக்கே 283 மீட்டர் உயரமுள்ள பெயின்ஸ்விக் பீக்கனுக்கு ஏறிவரலாம். இரும்புக்காலக் கோட்டை ஒன்றின் மண் அரண்கள் அங்கே தெளிவாகத் தெரியும்.

காட்ஸ்வோல்ட்ஸின் தெற்கில் உள்ள காசில் கூம் வட்டம் மூன்றாவது. ஃபோர்ட், லாங் டீன் வழியாக 9 கி.மீ. அளவில் முடிந்துவிடும். கிராமம் படத்தில் பார்ப்பது போலவே அழகு, ஆனால் விடுமுறை நாட்களில் மதிய வேளையில் கூட்டம் நெரியும். காலை ஒன்பதுக்கு முன் கிராமத்தைப் பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். பை புரூக் ஓடைக்கரைக்கு இறங்கிவிட்டால் கூட்டமெல்லாம் பின்னால் நின்றுவிடும்.

நான்காவது, வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் டின்டர்ன். இங்கிலாந்து – வேல்ஸ் எல்லை. அங்குள்ள மடாலயம் 1131இல் நிறுவப்பட்டது, 1536இல் கலைக்கப்பட்டது. கூரை போய் வெறும் வளைவுகளாக நிற்கிறது. ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக் காட்டில் ஏறி ஆஃபாஸ் டைக் பாதையைப் பிடித்தால், டெவில்ஸ் புல்பிட் என்ற பாறையிலிருந்து மடாலயம் முழுவதும் காலுக்குக் கீழே தெரியும். 8ஆம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கில அரசை ஆண்ட மன்னர் ஆஃபாவின் பெயரில் வழங்கும் மண் கரை அது. கரையின் மேல் ஏறி நடந்தால் மண் சரியும் என்பதால், பாதை பக்கத்தில் இருக்கும் இடங்களில் பக்கத்திலேயே நடங்கள். இந்தக் காடுகளில் ஒரே அடியிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பிய மரங்களை நிறையக் காண்பீர்கள். கரி சுடுவதற்காக அடியோடு வெட்டி, மீண்டும் துளிர்க்க விட்டவை. சரிவில் திடீரென்று வட்டமாக, சமதளமாக ஒரு இடம் தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய கரிச்சூளை மேடை. 1566இல் டின்டர்னில் தொடங்கிய கம்பி ஆலை போன்றவற்றுக்கெல்லாம் இந்தக் காடுகள்தான் தீனி போட்டன. ஒரு எச்சரிக்கை: டின்டர்னில் வை ஆறு கடல் ஓதத்துக்கு ஏறி இறங்கும். வற்றியிருக்கும்போது தெரியும் வழவழப்பான சேற்றுக் கரையில் இறங்கவே கூடாது.

இனி வரைபடம். பிரிட்டனின் தேசிய வரைபட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையை வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. வரைபடத்தில் 4 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஹாம்பிள்டனுக்கு எண் 171, ஸ்ட்ரௌட்டுக்கு 179, காசில் கூமுக்கு 156, டின்டர்னுக்கு ஓஎல் 14. இளஞ்சிவப்பு அட்டை போட்ட லேண்ட்ரேஞ்சர் 1:50,000 அளவு. காரில் போகிறவர்களுக்கு அது போதும், நடப்பவர்களுக்குப் போதாது. காரணம் ஒன்றே ஒன்று: வயல்களின் வேலியும் மதிலும் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் இருக்கும். "மூன்றாவது வயலின் இடது மூலையில் காட்டுக்குள் நுழைய வேண்டும்" என்று துல்லியமாகச் சொல்லிக்கொள்ள அந்தக் கோடுகள் வேண்டும்.

எக்ஸ்ப்ளோரரில் குட்டையான பச்சைப் புள்ளிக்கோடு நடப்பவர்களுக்கான பொதுவழி. நீளமான பச்சைக் கோடுகள் குதிரைவழி, அதில் நடக்கலாம், சைக்கிளும் போகலாம். கறுப்புப் புள்ளிக்கோட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. அதில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லவில்லை. தரையில் அம்புக்குறிகளைப் பாருங்கள். மஞ்சள் அம்பு நடைவழி, நீல அம்பு குதிரைவழி. ஓக் மரக் கொட்டைச் சின்னம் இருந்தால் தேசிய நெடுநடைப் பாதை (நேஷனல் டிரெயில்). இந்த விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நடையுரிமை முற்றிலும் வேறு விதமானது.

பொதுவழி என்பது தனியார் நிலத்தின் நடுவே போகும் உரிமை. விவசாயி உழுதுவிட்டால், 14 நாட்களுக்குள் வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை மீண்டும் நடக்கும்படி செய்து தர வேண்டும், குறைந்தது 1 மீட்டர் அகலம். பயிர் மூடியிருந்தாலும் அந்தக் கோட்டிலேயே நடக்கலாம். ஓரமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று தோன்றும். ஆனால் சட்டப்படி உங்கள் உரிமை அந்தக் கோட்டில்தான், ஓரத்தில் இல்லை. வழி அடைபட்டிருந்தால் அடைப்பைச் சுற்றிக் கடந்து வந்து, பிறகு அந்தப் பகுதியின் உள்ளாட்சிக் கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள்.

சம உயரக் கோடுகளை எண்ணப் பழகுங்கள். இந்தப் பகுதிகளின் எக்ஸ்ப்ளோரர் தாள்களில் பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணின் தலை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கும். ஏற்றமா இறக்கமா என்ற சந்தேகத்தை இது ஒன்றே தீர்த்துவிடும். பள்ளத்தாக்கு நடையில் மொத்த ஏற்றம் ஏமாற்றும். எந்த இடமும் உயரமில்லை, ஆனால் ஓடைக்கு இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, மறுபடி இறங்கி என்று மூன்று முறை குறுக்கே வெட்டினால் முறைக்கு 100 மீட்டர் வீதம் 300 மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பொருந்தும்: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். ஸ்ட்ரௌட் வட்டத்தை 14 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர் என்று வைத்துப் போடுவோம். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 40 நிமிடம், மொத்தம் 3 மணி 28 நிமிடம். இது நிற்காமல், காய்ந்த தரையில். குளிர்காலச் சேற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 4 மணி 37 நிமிடம். சாப்பாடு, தேவாலயம், வேலிப்படிகள், படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஆக ஆறு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் காலை 9.30க்குத் தொடங்கினால் முடிக்கும்போது மாலை 3.40ஐ நெருங்கிவிடும், நான்கு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே தடம் தெரியாமல் போகும். ஆகவே டிசம்பரில் 9 கி.மீ. நடை போதும். ஜூனில் இரவு 9.30 வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். அந்த வாரம் மாலை திடீரென்று சுருங்கும், பலரும் இருட்டில் மாட்டுவது அப்போதுதான். எந்த மாதமானாலும் பையில் ஒரு தலைவிளக்கு இருக்கட்டும்.

காட்டுக்குள் வழி தவறுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் பாதை கூர்மையான கோணத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில். மரம் வெட்டும் வண்டிகள் போட்ட அகலமான தடம் ஒன்று சமமாக நேரே போகும். உங்கள் பொதுவழி ஒரு முழம் அகலத்தில், இலைச்சருகு மூடி, சற்றுக் கீழே விலகும். கால் தானாகவே அகலமானதில் போய்விடும். கைபேசியில் இருக்கும் நீலப்புள்ளி இங்கே உதவாது. மரக்கூரையின் கீழ், செங்குத்துச் சரிவில் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும், இரண்டு பாதைகளும் முதல் 50 மீட்டருக்கு ஒட்டியே போகும். திசைகாட்டியை எடுத்து, வரைபடத்தில் உங்கள் பாதை போக வேண்டிய திசையோடு பொருத்திப் பாருங்கள். கூடவே சரிவைக் கேளுங்கள்: உங்கள் பாதை சம உயரக் கோடுகளை வெட்டி இறங்க வேண்டும் என்று வரைபடம் சொல்லும்போது கால் சமதளத்தில் நடக்கிறதென்றால், தவறான தடத்தில் இருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அம்புக்குறி ஒன்றும் வரவில்லையென்றாலும் அப்படியே. பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள். குறுக்கே காட்டை வெட்டி இறங்கிப் பார்க்க நினைப்பதுதான் முழங்காலைப் பிசகச் செய்கிறது. பழைய காடுகளின் விளிம்பில் மண் கரையும் வெளிப்பக்கம் ஒரு பள்ளமும் இருக்கும். இடைக்காலத்தில் ஆடுமாடு நுழையாமல் போட்ட எல்லை அது. அதைக் கண்டால் பெரும்பாலும் காட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கிராமத்துக்கு இறங்கும் கடைசிப் பகுதி பல இடங்களில் இருபக்கமும் ஆளுயரக் கரை எழுந்த பள்ளப்பாதையாக இருக்கும். நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் அரித்து உண்டானவை. அழகுக்கு நிகரே இல்லை, பாசியும் பெரணியும் கரை முழுக்க. மழைக்குப் பிறகு அதுவே வாய்க்கால். உருண்டைக் கற்கள் மேல் சருகு படிந்திருக்கும், கால் எதன் மேல் வைக்கிறோம் என்றே தெரியாது. கைத்தடி ஒன்று இருந்தால் முன்னால் ஊன்றிப் பார்த்து இறங்கலாம்.

மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டு நடைகளில் உயிருக்கே ஆபத்து வரும் சில விஷயங்களில் இது ஒன்று, குறிப்பாகக் கன்றுள்ள பசுக்களும் நாயோடு வருபவர்களும் சந்திக்கும்போது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், ஓடாதீர்கள். மந்தை பாதையை மறித்து நின்றால் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். நாய் இருந்தால் கட்டிப் பிடித்துப் போங்கள், மாடு துரத்த ஆரம்பித்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், நாய் தப்பித்துக்கொள்ளும். இளம் கிடாரிகள் கூட்டமாக ஓடி வருவது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். பாலுக்கு வளர்க்கும் இனக் காளை, 10 மாதத்துக்கு மேல் வயதானால், பொதுவழி போகும் வயலில் விடச் சட்டம் அனுமதிக்காது. இறைச்சி இனக் காளையைப் பசுக்களோடு விடலாம்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே நடுப்பகுதி வரை என்பேன். பீச் இலை முழுதாக விரியுமுன், காட்டுத்தரை முழுக்கப் புளூபெல் நீலமாகப் பூத்திருக்கும். ஈரமான ஓடைக்கரைகளில் காட்டுப்பூண்டின் வெள்ளைப் பூக்கள். வாசனையே முன்னால் வந்து சொல்லிவிடும். மிதிபட்ட புளூபெல் தேற ஆண்டுகள் ஆகும். படத்துக்காகப் பாதையை விட்டு ஓரடியும் விலக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் நெட்டில் செடி இடுப்பளவு வளர்ந்து வேலிப்படிகளை மூடும், காஞ்சொறி பட்டதுபோல எரியும். அரைக்கால் சட்டை அப்போது வேண்டாம். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசண்ட் பறவை வேட்டைக் காலம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பாதையிலேயே இருந்து, உங்கள் இருப்பு தெரியும்படி நடங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். கணுக்காலை மூடும் பூட்ஸ், மழைச்சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், சாப்பாடு. ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மேலே மேய்ச்சல் நிலம் இருக்கிறது, குடிக்காதீர்கள். சின்னக் கிராமங்களில் கடையே இருக்காது. பப் இருந்தாலும் பலவற்றில் பிற்பகல் 2 அல்லது 2.30க்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், அதனால் சாப்பாட்டை நம்பி நடையைத் திட்டமிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கிராம பஸ் பல தடங்களில் ஓடாது. கடைசி பஸ் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

ஆழமான பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள், தாள் வரைபடமும் பையில் இருக்கட்டும். 999 எண்ணுக்கு "ரெஜிஸ்டர்" என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி முன்கூட்டியே பதிந்துகொண்டால், பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான இடத்திலும் குறுஞ்செய்தியில் உதவி கேட்க முடியும். இருக்கும் இடத்தை ஆறு இலக்கக் கட்ட எண்ணாக (கிரிட் ரெஃபரன்ஸ், வரைபடத்தின் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்) சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அது 100 மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடிக்க வைக்கும்.

வீடு திரும்பியதும் உண்ணி பாருங்கள். பெரணியும் உயர்ந்த புல்லும் இருக்கும் இடங்களில் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை அதிகம். கசகசா அளவில்தான் இருக்கும். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டி இறுகும் இடம், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, வாசலின் எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் அது தெரியும், உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம் என்று உடனே மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்பது எங்கே, எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதைத்தான். வரைபடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு நடைக்கும் தேதியைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தால் பதில் கையிலேயே இருக்கும்.